கணம் வருது, நிகழ்தகவுல எதால வகுக்கணும்னு குழம்புது. 3 கணக்கு, யோசிக்கிற வழி சொல்லுங்க

ரெண்டாம்வருஷம்_கரஸ்:

எல்லாருக்கும் வணக்கம். பி.காம் கரஸ்ல படிக்கிறேன், பகல்ல துணிக்கடைல பில்லிங் வேலை, ராத்திரி தான் புத்தகத்தத் திறக்க முடியுது, அந்த நேரத்துல சந்தேகம் கேக்க யாரும் இல்ல. பிசினஸ் மேத்ஸ்ல கணம், நிகழ்தகவு, முடிவெடுத்தல் மூணும் அடுத்தடுத்து வருது. கணம் வரைக்கும் பிரச்சனை இல்ல, வட்டம் வரைஞ்சு முடிச்சுடுவேன். நிகழ்தகவுக்குள்ள போனா ஃபார்முலா எல்லாம் மனப்பாடமா இருக்கு, ஆனா எந்தக் கணக்குக்கு எதப் போடுறதுன்னு பிடிபட மாட்டேங்குது. விடை பின்பக்கத்துலயே இருக்கு, அது வேணாம், எப்படி யோசிக்கணும்னு மட்டும் சொல்லுங்க.

1) ஹாஸ்டல்ல 120 பேர். கிரிக்கெட் ஆடுறவங்க 70, கபடி ஆடுறவங்க 45, ரெண்டும் ஆடுறவங்க 25. (அ) ஒருத்தரத் தேர்ந்தெடுத்தா அவர் ரெண்டும் ஆடுறவரா இருக்க நிகழ்தகவு என்ன? (ஆ) கிரிக்கெட் ஆடுறவங்கள்ல ஒருத்தர எடுத்தா அவர் கபடியும் ஆடுறவரா இருக்க நிகழ்தகவு என்ன? எனக்கு ரெண்டும் ஒரே கேள்வியாத் தான் தெரியுது. விடை வேற வேற போட்டிருக்கு.

2) ஒரு வீட்ல 2 குழந்தைங்க. குறைந்தபட்சம் ஒண்ணு பெண்னு தெரியும். ரெண்டும் பெண்ணா இருக்க நிகழ்தகவு? விடை 1/3. இன்னொண்ணு ஆணா பெண்ணா, பாதிக்குப் பாதி தானே, 1/3 எங்கருந்து வருது?

3) பூ வியாபாரி காலைல மல்லி கிலோ 400க்கு வாங்கி 600க்கு விக்கிறாங்க, மிஞ்சினத சென்ட் பேக்டரிக்கு கிலோ 100க்கு தள்ளி விட்டுருவாங்க. ஒரு நாள் தேவை 3, 4, 5, 6 கிலோவா இருக்க நிகழ்தகவு 0.2, 0.3, 0.3, 0.2. எத்தனை கிலோ வாங்கணும்? நான் தேவையோட சராசரி போட்டேன், 4.5 கிலோ வருது. விடைல 4ன்னு இருக்கு, அடுத்த உட்பிரிவுல மேக்ஸிமின் படி 3ன்னு இருக்கு. ஒரே கணக்குக்கு எப்படி ரெண்டு விடை?

---

சாக்பீஸ்:

வேலைக்கும் போயிட்டு ராத்திரி உக்காந்து இவ்ளோ தெளிவா கேள்விய எழுதியிருக்கீங்கம்மா, ரொம்ப சந்தோஷம். உங்களுக்கு ஃபார்முலா குறையே இல்ல. எந்தக் கூட்டத்துக்குள்ள நின்னு எண்ணுறோம்ங்கிற ஒண்ணு தான் இந்த மூணு கணக்குலயும் கேள்வி, பிளஸ் டூ பசங்களுக்கு நான் பல வருஷம் சொன்னதும் அதத் தான், அது பிடிபட்டா மத்ததெல்லாம் கூட்டல் கழித்தல்.

முதல் கணக்குக்கு வட்டம் வரைவேன்னு சொல்றீங்கல்ல, அதோட நிறுத்தாம உள்ள இருக்கிற நாலு பாகத்துலயும் எண்ண எழுதிடுங்க. கிரிக்கெட் மட்டும் 70 − 25 = 45. ரெண்டும் 25. கபடி மட்டும் 45 − 25 = 20. மூணும் சேர்ந்து 90, அப்ப ரெண்டுமே ஆடாதவங்க 30. இந்த முப்பது பேரப் பாதிப் பேர் மறந்துடுவாங்க, அவங்களும் அந்த 120க்குள்ள தான் இருக்காங்க. நாலையும் கூட்டினா 120 வரணும், வரலன்னா மேல போகவே கூடாது.

(அ)ல "ஒருத்தரத் தேர்ந்தெடுத்தா"ன்னு சும்மா சொல்றாங்க, ஹாஸ்டல் முழுசும் வரிசைல நிக்குது, அதனால 25/120, அதாவது 5/24. (ஆ)ல கிரிக்கெட் ஆடுறவங்கள மட்டும் தனியாக் கூப்பிட்டு நிறுத்திட்டாங்க. கபடி மட்டும் ஆடுற 20 பேரும் சும்மா இருக்கிற 30 பேரும் ரூமுக்குப் போயாச்சு. மிச்சம் 70 பேர், அதுல கபடியும் ஆடுறவங்க 25, விடை 25/70 = 5/14. மேல இருக்கிற 25 ரெண்டுலயும் அதே 25 தான், கீழ இருக்கிறது தான் மாறுது. இதத் திருப்பி கபடி ஆடுறவங்கள்ல ஒருத்தர் கிரிக்கெட்டும் ஆடுவாரான்னு கேட்டா 25/45 = 5/9. நிபந்தனை நிகழ்தகவுன்னு பெரிய பேரோட வர்றது இவ்ளோ தான். வினாத்தாள்ல "இவர்களுள்", "எனத் தெரிந்தால்", "என்ற நிபந்தனையில்" இந்த மாதிரி வார்த்தையப் பாத்ததும் பென்சிலால ஒரு கோடு போட்டுடுங்க, கீழ் எண் மாறப்போகுதுன்னு அர்த்தம்.

இதே படத்த வெச்சு இன்னொண்ணும் பாத்துக்கங்க, பரீட்சைல அடிக்கடி மாட்டுற இடம். ஒன்றையொன்று விலக்கும் நிகழ்ச்சி வேற, சார்பிலா நிகழ்ச்சி வேற. விலக்கும்னா நடுப் பாகம் காலி, ரெண்டும் ஆடுற ஆளே இல்ல. சார்பிலான்னா ஒருத்தர் கிரிக்கெட் ஆடுறார்னு தெரிஞ்சாலும் கபடி பத்தின நம்ம கணிப்பு மாறாது. இங்க மொத்தத்துல கபடி 45/120 = 0.375, கிரிக்கெட் ஆளுங்களுக்குள்ள 25/70 = சுமார் 0.357, லேசா மாறுது, அதனால சார்பிலா இல்ல. நடுவுல 70 × 45 ÷ 120 = 26.25 வந்திருந்தாத் தான் சார்பிலா, ஆளுங்க எண்ணிக்கைல அது வரவே வராது. நடுப் பாகம் காலியா இருந்தா, அதாவது ஒண்ணு நடந்தா இன்னொண்ணு நடக்கவே நடக்காதுன்னா, அதுக்கு மேல சார்பு என்ன இருக்கு, அதனால ரெண்டு நிகழ்ச்சிக்கும் நிகழ்தகவு பூச்சியமா இல்லாதபோது விலக்கும் நிகழ்ச்சிகள் சார்பிலாவா இருக்கவே முடியாது. இத மட்டும் படத்தோட மனசுல வெச்சுக்கங்கம்மா.

ரெண்டாவது கணக்கு. மூத்தது, இளையதுன்னு வரிசைல எழுதுங்க: பெண்-பெண், பெண்-ஆண், ஆண்-பெண், ஆண்-ஆண். நாலும் சமவாய்ப்பு. "குறைந்தபட்சம் ஒண்ணு பெண்"னு சொன்னதும் ஆண்-ஆண் மட்டும் வெளிய போகுது. மிச்சம் 3, அதுல பெண்-பெண் 1. விடை 1/3. நீங்க சொல்ற பாதிக்குப் பாதி எப்ப சரின்னா "மூத்தது பெண்"னு சொல்லியிருந்தா. அப்ப பெண்-பெண், பெண்-ஆண் ரெண்டு தான் மிச்சம், 1/2. மூத்தது பெண்ங்கிற தகவல் ரெண்டு வரிசைய வெளிய தள்ளுது, குறைந்தபட்சம் ஒண்ணுங்கிற தகவல் ஒண்ணத் தான் தள்ளுது.

இதுல குழம்புறது உங்களுக்கு மட்டும் இல்ல. டாலம்பேர்னு பிரெஞ்சுக் கணித மேதை, 1754ல கலைக்களஞ்சியத்துக்கு எழுதின கட்டுரைல, நாணயத்த ரெண்டு தடவ சுண்டினா ஒரு தடவயாவது தலை விழ வாய்ப்பு 2/3ன்னு வாதாடினார். முதல் தடவயே தலை விழுந்துட்டா ஆட்டம் முடிஞ்சுது, அப்ப தலை, பூ-தலை, பூ-பூ மூணு வழி தானே, அதுல ரெண்டு சாதகம்ங்கிறது அவர் கணக்கு. மூணும் சமவாய்ப்பு இல்லங்கிறது தான் சிக்கல், முதல்லயே தலை விழுறது பாதி, மத்த ரெண்டும் கால் கால். சரியான விடை 3/4. கூறுவெளிய, அதாவது வரக்கூடிய எல்லா வழியையும், எழுதினதும் இதெல்லாம் சமவாய்ப்பு தானான்னு ஒரு தடவ கேட்டுட்டு அப்புறம் வகுங்க.

மூணாவது கணக்க வேற யாராவது எடுத்துக்கங்க, கண்ணு வலிக்குது.

---

மொட்டைமாடி:

சார் சொன்னதுக்கு மேல ஒரு வரி. "குறைந்தபட்சம் ஒண்ணு"ன்னு வந்தா பெரும்பாலும் நேரா எண்ணாம நிரப்பிய, அதாவது அது நடக்காத பக்கத்த, எண்ணுறது சுலபம். பகடைய 4 தடவ உருட்டி ஒரு 6 ஆவது விழணும்னா, ஒண்ணுமே விழாததப் பாருங்க, (5/6)⁴ = 625/1296, ஒண்ணுல இருந்து கழிச்சா 671/1296, சுமார் 0.518, பாதிக்கு மேல. ரெண்டு பகடைய 24 தடவ உருட்டி ஒரு தடவயாவது 6-6 விழணும்னா சுமார் 0.491, பாதிக்குக் கீழ. ஒரு பகடைல 6 வழி, ரெண்டுல 36 வழி, 4க்கு 6 எப்படியோ 24க்கு 36 அப்படித் தானே, ரெண்டும் ஒண்ணா இருக்க வேணாமான்னு பிரான்ஸ்ல டி மெரேன்னு ஒரு சூதாட்டப் பிரியர் குழம்பினார், பாஸ்கலும் ஃபெர்மாவும் 1654ல எழுதிக்கிட்ட கடிதங்கள்ல இந்த விஷயமும் வருது, நிகழ்தகவுப் பாடத்தோட ஆரம்பமே அந்தக் கடிதங்கள் தான்னு சொல்லுவாங்க.

இப்ப பூ கணக்கு. நீங்க போட்ட 4.5 தேவையோட சராசரி, கேள்வி கேக்கிறது லாபத்தோட சராசரி, ரெண்டும் ஒண்ணு இல்ல. கிலோ வித்தா 200 லாபம், மிஞ்சினா 300 நஷ்டம், குறைவா வாங்குறதும் கூட வாங்குறதும் ஒரே அளவு வலிக்கல பாருங்க, அதனால தான் சராசரிக்குக் கீழ இழுக்குது.

கட்டம் போடுங்க. தேவை 3, 4, 5, 6ன்னு வரிசையா, ஒவ்வொண்ணுக்கும் லாபம்:

3 கிலோ வாங்கினா 600, 600, 600, 600
4 கிலோ வாங்கினா 300, 800, 800, 800
5 கிலோ வாங்கினா 0, 500, 1000, 1000
6 கிலோ வாங்கினா −300, 200, 700, 1200

ஒண்ணு சரிபாத்துக்கங்க: 5 வாங்கி 3 தான் போச்சுன்னா 3 × 200 = 600 லாபம், மிஞ்சின 2 கிலோல 600 நஷ்டம், ஆக பூச்சியம். இப்ப ஒவ்வொரு வரிசையையும் 0.2, 0.3, 0.3, 0.2ஆல பெருக்கிக் கூட்டினா 600, 700, 650, 450. பெருசு 700, அதனால 4 கிலோ.

கட்டமே போடாம ஒரு குறுக்கு வழியும் இருக்கு, எனக்கு இது தான் ரொம்பப் பிடிக்கும், ஏன்னா கடைக்காரங்க மனசுல ஓடுறதும் இதே கேள்வி தான்: இன்னும் ஒரு கிலோ எடுக்கலாமா வேணாமா? நாலாவது கிலோ விக்கணும்னா தேவை 4 அல்லது அதுக்கு மேல இருக்கணும், 0.8. அப்ப 0.8 × 200 − 0.2 × 300 = +100, எடுக்கலாம். அஞ்சாவது கிலோ விக்க வாய்ப்பு 0.5, 100 − 150 = −50, வேணாம். ஆறாவது 0.2 தான், 40 − 240 = −200. மேல 600, 700, 650, 450ன்னு வந்துச்சுல்ல, அந்த வித்தியாசம் தான் இது, +100, −50, −200.

மேக்ஸிமின்னா நிகழ்தகவையே பாக்காம, ஒவ்வொரு வரிசையிலயும் மோசமானத எடு, அந்த மோசத்துல நல்லதத் தேர்ந்தெடு. மோசமானது 600, 300, 0, −300. அதுல பெருசு 600, அதனால 3 கிலோ. ரெண்டு விடை வர்றது ஏன்னா ரெண்டு வேற கேள்வி. "எதிர்பார்க்கும் லாபம்"னு கேட்டா முதல் வழி, "மேக்ஸிமின்"னு கேட்டா ரெண்டாவது, நிகழ்தகவே கொடுக்கலன்னா முதல் வழி போடவே முடியாது.

---

மாட்டுத்தாவணி:

பூ மார்க்கெட்ல கமிஷன் கடைல கணக்கு எழுதுறேன், அதனால மூணாவது கணக்கப் பாத்ததும் நின்னுட்டேன். மொட்டைமாடி சொன்ன இன்னும் ஒரு கிலோ கேள்வி நூத்துக்கு நூறு சரி, தெருவுல கூடை வெச்சு விக்கிற அக்காங்க தட்டுல கை வெச்சுக்கிட்டு கேக்கிறது அது தான், இன்னும் ஒண்ணு போடவா வேணாமா. ஆனா 3 கிலோ விடையயும் லேசா எடுத்துக்காதீங்க. காலைல கடனுக்கு எடுத்து சாயங்காலம் திருப்பிக் கட்டுறவங்களுக்கு கைல ஒண்ணுமே நிக்காத நாள் வெறும் பூச்சியம் இல்ல, அன்னைக்கு வீட்டுச் செலவுக்கும் சேத்துக் கடன் ஏறும், அது ரெண்டு மூணு நாள் தொடர்ந்தா அடுத்த வாரம் எடுக்கவே முதல் இருக்காது. சராசரி 700ங்கிறது நெறைய நாள் ஓடினாத் தான் கைக்கு வரும், அது வரைக்கும் தாக்குப்பிடிக்கணும்ல. முதல் உள்ளவங்க 4 எடுக்கலாம், இல்லாதவங்க 3 எடுக்கிறதும் கணக்குப்படி சரியான முடிவு தான், பயந்து எடுத்த முடிவுன்னு யாரும் சொல்ல முடியாது.

இன்னொண்ணு, வருஷம் பூரா 0.2, 0.3, 0.3, 0.2ன்னு ஒரே மாதிரி போகாது. முகூர்த்த நாள்ல தேவையே வேற. கேலண்டரப் பாக்காம யாரும் பூ எடுக்க வரமாட்டாங்க, இத உங்க கணக்குல எங்க வைப்பீங்க?

---

மொட்டைமாடி:

அண்ணே அருமையான கேள்வி, இது அப்படியே சாக்பீஸ் சார் சொன்ன நிபந்தனை நிகழ்தகவு. கூட்டத்தப் பிரிக்கிறோம், அவ்ளோ தான். நானா ஒரு எடுத்துக்காட்டு வெச்சுக்கறேன், 30 நாள்ல தேவை 3, 4, 5, 6ஆ இருந்தது 6, 9, 9, 6 நாள், கேள்வில இருக்கிற அதே 0.2, 0.3, 0.3, 0.2 தான். இதுல 10 நாள் முகூர்த்தம்னு வைங்க, அந்தப் பத்துல 0, 1, 4, 5 நாள். மிச்ச 20 நாள்ல 6, 8, 5, 1. கூட்டிப் பாருங்க, பழைய எண்ணே வரும்.

முகூர்த்த நாள்ல அஞ்சாவது கிலோ விக்க வாய்ப்பு 9/10, 180 − 30 = +150, எடு. ஆறாவது 5/10, 100 − 150 = −50, வேணாம். அதனால 5 கிலோ, சராசரி லாபம் 950. சாதா நாள்ல நாலாவது 14/20, 140 − 90 = +50, எடு. அஞ்சாவது 6/20, 60 − 210 = −150, வேணாம். அதனால 4 கிலோ, சராசரி 650. ரெண்டையும் சேத்தா (10 × 950 + 20 × 650) ÷ 30 = 750.

கேலண்டர் பாக்காம 700, பாத்தா 750. ஆக அந்தக் கேலண்டர் ஒரு நாளைக்கு 50 ரூபா பெறும். இன்னைக்கு எத்தனை கிலோ போகும்னு காலைலயே அப்பட்டமாத் தெரிஞ்சா 0.2 × 600 + 0.3 × 800 + 0.3 × 1000 + 0.2 × 1200 = 900. அதனால எப்பேர்ப்பட்ட தகவலா இருந்தாலும் இந்தக் கணக்குல ஒரு நாளைக்கு 200க்கு மேல காசு குடுத்து வாங்கக் கூடாது. முழுமையான தகவலோட மதிப்புன்னு சில சிலபஸ்ல இதுவும் வரும், கரஸ் தங்கச்சி பாத்து வெச்சுக்கங்க.

---

மாட்டுத்தாவணி:

கணக்கு புரியுது தம்பி, ஆனா முகூர்த்தத்துக்கு மல்லி 400ல நிக்காது, வாங்குற விலையும் ஏறும் விக்கிற விலையும் ஏறும். மறுநாள் பேக்டரி விலை மட்டும் அங்கயே தான் கிடக்கும். அதப் போட்டா 5 நிக்குமா?

---

சாக்பீஸ்:

அதக் கரஸ் பொண்ணே போட்டுப் பாக்கட்டும். முகூர்த்தத்துக்கு வாங்குறது 800, விக்கிறது 1000, மிஞ்சினா அதே 100ன்னு வெச்சுக்கங்கம்மா.

அதுக்கு நடுவுல மாட்டுத்தாவணிக்காரர் சொன்ன தாங்குற சக்தி பத்தி ஒரு வார்த்தை. சராசரி லாபம் நல்ல அளவுகோல் தான், ஆனா திரும்பத் திரும்ப வர்ற முடிவுக்குத் தான் அது முழுசாப் பொருந்தும். வீட்டுக்கு தீ விபத்துக் காப்பீடு எடுக்கிறோம், கம்பெனி தன் செலவையும் லாபத்தையும் சேத்துத் தான் பிரீமியம் வைக்கும், அதனால சராசரிப்படி நமக்கு நஷ்டம், இருந்தும் எடுக்கிறோம், வீடு போச்சுன்னா எழுந்து நிக்க முடியாதுங்கிறதால. லாட்டரியும் சராசரிப்படி நஷ்டம் தான், கேரளாவுல 1967ல இருந்து அரசே நடத்துது, தமிழ்நாட்டுல 2003ல தடை பண்ணிட்டாங்க, ஆனா லாட்டரி எந்த இடியில இருந்தும் நம்மளக் காப்பாத்தல. ரெண்டும் எதிர்பார்ப்பு மைனஸ், ஒண்ணு எடுக்க வேண்டியது, இன்னொண்ணு விட வேண்டியது. மேக்ஸிமினப் பசங்க கோழைத்தனம்னு நினைக்கிறாங்க, அப்படி இல்ல, மோசமான கட்டத்த நம்மாலத் தாங்க முடியுமான்னு கேக்கிற வழி அது.

---

ரெண்டாம்வருஷம்_கரஸ்:

சார், அண்ணே, மொட்டைமாடி எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நாலு பாகத்துலயும் எண்ண எழுதுறது இவ்ளோ நாள் யாரும் சொல்லல, இன்னைக்கு பஸ்லயே பழைய வினாத்தாள்ல இருந்து வரிசையா நாலஞ்சு போட்டேன், எல்லாம் வந்துச்சு.

முகூர்த்தக் கணக்கு போட்டிருக்கேன், சரியான்னு பாருங்க. வித்தா லாபம் 1000 − 800 = 200, மிஞ்சினா நஷ்டம் 800 − 100 = 700. முகூர்த்தத்துல 4 கிலோ எப்படியும் போகும், தேவை 3ங்கிற நாளே இல்ல. அஞ்சாவது கிலோ 0.9 × 200 − 0.1 × 700 = 180 − 70 = +110, எடுக்கலாம். ஆறாவது 0.5 × 200 − 0.5 × 700 = −250. அதனால 5 தான். கட்டமும் போட்டேன், 4 கிலோன்னா எப்பவும் 800. 5 கிலோன்னா தேவை 4 ஆனா 100, மத்தபடி 1000, சராசரி 910. 6 கிலோன்னா −600, 300, 1200, சராசரி 660. வித்தியாசம் +110, −250 சரியா வருது.

மேக்ஸிமின் படி மோசமானது 800, 100, −600, அதனால 4 கிலோ. ஆனா 3 கிலோவையும் கட்டத்துல சேக்கணுமா? அது எப்பவும் 600 தான் வருது.

---

சாக்பீஸ்:

எல்லாம் சரிம்மா. 3 கிலோவ எழுதுங்க, எழுதிட்டு அடிச்சுடுங்க. முகூர்த்த நாள்ல எந்தத் தேவை வந்தாலும் 4 கிலோ 800 குடுக்குது, 3 கிலோ 600 தான் குடுக்குது, எல்லாக் கட்டத்துலயும் தோக்குற வரிசை எந்த முறைப்படியும் ஜெயிக்காது. பரீட்சைல கட்டம் பெருசா இருந்தா முதல்ல இந்த மாதிரி வரிசைங்களத் தேடி அடிச்சுட்டீங்கன்னா பெருக்கல் பாதியாக் குறையும். ஆனா கேள்விலக் குடுத்த சாதா நாள் கட்டத்துல 3 கிலோவ அடிக்க முடியாது, தேவை 3 ஆனா அது 600, 4 கிலோ 300 தான். ஏன்னு ரெண்டு கட்டத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க.

---

மாட்டுத்தாவணி:

5 நிக்குதுல்ல, அது போதும் எனக்கு. கடைல ஒரு அக்கா முகூர்த்தம்னாலே ஒரு கிலோ மட்டும் கூடப் போடச் சொல்லுவாங்க, அதுக்கு மேல ஒரு கை கூட வாங்க மாட்டாங்க. தங்கச்சி, பரீட்சை எப்பன்னு சொல்லுங்க, மேக்ஸிமின்லயோ மத்ததுலயோ சந்தேகம்னா இங்கயே போடுங்க, ராத்திரி பத்து மணிக்கு மேல நான் முழிச்சுத் தான் இருப்பேன், மார்க்கெட் நேரம் அப்படி.